எழுவான்கரை மிருகங்களுக்கு ஒரு புத்தகம்

செட்டிபாளையத்தில் ஒரு பிள்ளை வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. இரண்டுக்கும் நடுவே மணலும் தென்னையும் மட்டக்களப்பு – கல்முனை வீதியும். வடக்கே குருக்கள்மடம். தெற்கே மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி போகின்றன. சூரியன் எழும் பக்கம் என்பதால் இது எழுவான்கரை. வாவிக்கு அப்பால், வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. குருக்கள்மடத்தில் பாதையேறினால் அம்பிளாந்துறையில் இறங்கலாம்.

இந்த ஒடுங்கிய நிலத்தில் உயிரினங்களுக்குக் குறைவில்லை. வாவிக்கரைச் சேற்றில் நத்தைகொத்தி நாரை குனிந்து தேடிக்கொண்டிருக்கும். வலை கட்டிய கம்பில் நீர்க்காகம் குந்தியிருந்து சிறகை விரித்து வெயிலில் காயவைக்கும். கபரகொய்யா நாக்கை நீட்டி நீட்டி வாய்க்காலைக் கடக்கும். கண்டல் வேர்களுக்கிடையே ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டு அந்தக் கையை ஆட்டி ஆட்டித் துணையை அழைக்கும். கீரி, மரநாய், ஆலா, கூழைக்கடா, மாரியில் வயலெங்கும் தவளை என்று எல்லாமே பள்ளிக்கூடம் போகிற வழியில் காணக்கூடியவை.

அந்தப் பிள்ளை முன்பள்ளியில் விரித்துவைக்கும் படப்புத்தகத்தில் இருப்பவை சிங்கம், புலி, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, துருவக்கரடி. இலங்கைக் காடுகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தூர தேசத்து மிருகங்களைப் பிள்ளை அறிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் ஒட்டகச்சிவிங்கியைப் படத்தில் கண்டதும் பெயர் சொல்லும் பிள்ளை, தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பறவையைக் காட்டினால் 'கொக்கு' என்று சொல்லி முடித்துவிடுகிறது. நாரையும் கொக்குத்தான், உள்ளானும் கொக்குத்தான், இலைக்கோழியும் கொக்குத்தான். இதில் பிள்ளையின் பிழை ஏதுமில்லை. அவற்றின் பெயரையும் வாழ்க்கையையும் சொல்லும் புத்தகத்தை நாம் அதன் கையில் கொடுக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைச் சென்னையிலோ கொழும்பிலோ உள்ள ஒரு பெரிய பதிப்பகம் நமக்காகச் செய்து அனுப்பும் என்று காத்திருக்க முடியாது. மட்டக்களப்பு வாவியின் நாரையைப் பற்றி எழுத மட்டக்களப்பு வாவியைத் தெரிந்தவர்தான் வேண்டும். எழுதவும், வரையவும், சொந்தக் காசில் அச்சிட்டு வெளியிடவும் எழுவான்கரையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வேலையைத் தொடங்குவதுதான் பாக்கி.

250 பிரதிகளில் தொடங்கிய முயல்

சொந்தமாகப் புத்தகம் வெளியிடுவதைப் பதிப்பாளர் கிடைக்காதவரின் வேலையாகப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஈழத்துத் தமிழில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே கவிதையும் சிறுகதையும் ஆய்வும் பெரும்பாலும் எழுதியவரின் சேமிப்பிலும், மனைவியின் நகை அடகிலும், நண்பர்களின் உதவியிலும்தான் அச்சேறி வந்திருக்கின்றன. சொந்த வெளியீடு நம்முடைய பிரதான வீதி.

உலகத்தில் அதிகம் விற்ற சிறுவர் மிருகக் கதைகளில் ஒன்றும் இதே வீதியால் வந்ததுதான். 1893 செப்டம்பரில் பீட்ரிக்ஸ் பொட்டர் என்ற ஆங்கிலேயப் பெண், தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையின் சுகவீனமுற்ற மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத வேறு செய்தி இல்லாததால் நான்கு முயல்களின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். சில ஆண்டுகள் கழித்து அதையே புத்தகமாக்கிப் பதிப்பகங்களுக்கு அனுப்பியபோது ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. பொட்டர் தளரவில்லை. 1901 டிசம்பரில் தன் காசில் 250 பிரதிகள் அச்சிட்டார். அவை தீர்ந்துபோக மேலும் 200 பிரதிகள். 1902இல் பிரெடெரிக் வோர்ன் நிறுவனம் வண்ணப் படங்களோடு அதை வெளியிட்டது. 'பீற்றர் முயலின் கதை' இன்றைக்கும் அச்சில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் நமக்குப் பயன்படும் செய்திகள் மூன்று. பொட்டர் வீட்டிலே முயல் வளர்த்தவர். அவை தூங்குவதையும் தின்பதையும் பயந்து ஒடுங்குவதையும் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அவருடைய முயல் சட்டை போட்டிருந்தாலும் அதன் உடல் அசல் முயலின் உடல். அடுத்தது, வண்ண அச்சுக்கு அதிகம் செலவாகும் என்பதால் முதற்பதிப்பில் முகப்புப் படம் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகவே அச்சிட்டார். கடைசியாக, சின்னக் கைகள் பிடிப்பதற்குச் சின்னப் புத்தகம்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். மறுத்த பதிப்பகங்களோடு அவருக்கு ஒத்துப்போகாத விஷயங்களில் இந்த அளவும் ஒன்று.

நம் நாட்டிலேயே சிபில் வெத்தசிங்க இருந்தார். 1927இல் பிறந்து காலிக்கு அருகே ஜின்தோட்டையில் சிறு பராயத்தைக் கழித்தவர். கதையையும் தானே எழுதிப் படத்தையும் தானே வரைந்தவர். 1956இல் வந்த அவருடைய 'குட ஹொரா', ஊருக்குள் குடைகளைத் திருடிக்கொண்டு போகும் கள்ளனைப் பற்றிய கதை. கடைசியில் அந்தக் கள்ளன் ஒரு குரங்கு. கிராமத்து ஒழுங்கை, கோப்பிக் கடை, பலாமரம், தலைப்பாகை கட்டிய மனிதர் என்று அத்தனையும் தென்னிலங்கைக் கிராமம். இந்த ஊர்த்தன்மையைக் கொஞ்சமும் மாற்றாமலே அது யப்பான் வரைக்கும் போய்ப் பரிசு வாங்கியது. 2020இல் அவர் மறைந்தபோது சிங்களப் பிள்ளைகளின் மூன்று தலைமுறை அவர் வரைந்த படங்களைப் பார்த்து வளர்ந்திருந்தது.

மட்டக்களப்புக்கு மாஸ்டர் சிவலிங்கம் இருந்தார். அவர் கதை சொல்லத் தொடங்கினால் நரி நரியாகவே வரும், கிழவி கிழவியாகவே வருவாள். முகமும் கையும் குரலும் சேர்ந்து கதை சொல்லும். அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் இன்றைக்குத் தாத்தா, பாட்டிகள். 2022இல் அவரும் மறைந்தார். அச்சில் அவர் விட்டுச்சென்ற புத்தகங்கள் உண்டு. ஆனால் மேடையில் நாம் பார்த்ததில் எவ்வளவு குறைவாக அச்சில் இருக்கிறது என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. வாயால் வந்த செல்வத்தைப் படத்தோடு பதித்துவைக்க அப்போது நாம் முயன்றிருக்க வேண்டும்.

எந்த மிருகம்?

மிருகக் கதை என்றதும் நம் எழுத்தாளர்களின் பேனா பஞ்சதந்திரத்துக்குத் திரும்பிவிடுகிறது. தந்திர நரி, முட்டாள் காகம், நீதி சொல்லும் ஆமை. பழைய கதைகளின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அந்த நரி மனிதரின் வேடம். நரிக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதைப் பற்றி அந்தக் கதைகள் பேசுவதில்லை. மிருகம் உண்மையிலே செய்கிற வேலையே கதையாகப் போதும் என்பதற்கு எழுவான்கரையில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நத்தைகொத்தி நாரையை எடுப்போம். வளர்ந்த நாரையின் அலகை உற்றுப் பாருங்கள். மேலலகும் கீழலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. இடையில் வெளிச்சம் தெரியும் ஒரு இடைவெளி. நத்தையே அதன் பிரதான உணவு. அலகின் நுனியால் ஓட்டுக்குள் இருக்கும் சதையை அறுத்தெடுத்துத் தின்னும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, அலகு ஒழுங்காக மூடும். வளர வளரத்தான் இடைவெளி தோன்றும். 'என்ட சொண்டு மூடுது, உங்கட சொண்டு ஏன் மூடுதில்ல?' என்று ஒரு குஞ்சு தாயிடம் கேட்பதில் தொடங்கினால் 24 பக்கப் புத்தகம் தானாக நடக்கும். கேள்வி உண்மை, பதிலும் உண்மை. பிள்ளை மறுநாள் வாவிக்கரைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

குளத்துத் தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி இன்னொன்று. முட்டையிட்டுவிட்டுப் பெட்டை போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் பொறுப்பு. அப்பா பிள்ளை வளர்க்கும் கதை எத்தனை வீட்டில் எத்தனை பேச்சைக் கிளப்பும்!

யானையை விடமுடியாது. படுவான்கரையில் யானை பயிரழிக்கும், வீட்டை உடைக்கும், ஆளைக் கொல்லும், மனிதர் கையால் தானும் சாகும். ஆகவே நம் பிரதேசத்தில் யானைக் கதையைச் சர்க்கஸ் யானைபோல எழுதக்கூடாது. இரவில் வேலியோரம் யானை நின்ற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பொய் உடனே பிடிபடும். யானையின் பசியையும் நம் வயலின் பயத்தையும் ஒரே புத்தகத்தில் வைக்கத் துணிபவர் வேண்டும். அவர் இந்த மண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

பாடும் மீன்தான் இவை எல்லாவற்றிலும் கடினமானது, ஆசையூட்டுவதும் அதுவே. அமைதியான நிலவு இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் நரம்பு மீட்டுவதுபோல ஒலி கேட்கும் என்பார்கள். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் அந்த ஒலியைத் தானே கேட்டு எழுதிவைத்தார். உள்ளூர் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. பாடுவது மீனா, ஊரியா, வேறேதாவதா என்ற கேள்வி இன்றும் முடிந்தபாடில்லை. பாடுகிறவரைக் காட்டாமல் பாட்டை மட்டும் எப்படி வரைவது? வாவியின் அடியில் ஒவ்வோர் உயிரிடமும் போய் 'நீயா பாடினாய்?' என்று கேட்டுக்கொண்டே போகும் ஒரு புத்தகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மணலை, கொடுவா, இறால், நண்டு, ஊரி எல்லாம் அதில் வந்துவிடும். கடைசிப் பக்கத்தில் விடை சொல்லாமலே விடலாம். பெரியவர்களுக்கும் தெரியாத கேள்வி ஒன்று தங்கள் ஊர்த் தண்ணீருக்குள் கிடக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

படம் வரைபவர் இரண்டாம் ஆள் அல்லர்

நம் சிறுவர் நூல்கள் பலவற்றில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். பாடலோ கதையோ எழுதி முடித்தபின், அச்சகத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் தம்பியிடம் 'ஒரு யானைப் படம் போடுங்கோ' என்று சொல்லிவிடுகிறோம். அவர் இணையத்தில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறார். காது விசிறிபோல விரிந்து, முதுகு நடுவில் குழிந்து நிற்கும் ஆபிரிக்க யானை படுவான்கரைக்கு வந்துசேர்கிறது. நம் யானைக்குக் காது சிறிது, முதுகு மேடு. இலங்கையில் ஆண் யானைகளிலும் கொம்பனைக் காண்பது அரிது, பெரும்பாலானவை அலியன்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் படம் தந்துவிடுகிறது. அது தருகிற நாரைக்கு அலகு அழகாக மூடியிருக்கும்போது, மேலே சொன்ன கதை முழுவதும் வீண்.

எடுத்த படத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் மறக்கக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்துக்கும் ஓவியத்துக்கும் படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. இணையத்தில் கிடந்தது என்பது அனுமதி ஆகாது.

ஓவியர் எங்கே என்று கேட்பவர்கள் கல்லடிக்குப் போகலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படித்து வெளியேறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளில் சித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கதை எழுதத் தொடங்கும்போதே கூட்டாளியாக்கி, வாவிக்கரைக்குக் கூட்டிப்போய், நாரை நிற்கும் இடத்தில் இருந்து வரையச் சொல்ல வேண்டும். அவருக்குக் கொடுக்கும் தொகையையும், இரண்டாம் பதிப்பு வந்தால் அவருக்குரிய பங்கையும் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் ஓவியர் பெயர் வரவேண்டும். படப்புத்தகத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பிள்ளை 'வாசிப்பது' ஓவியரைத்தான்.

எழுத்து குறைவாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி போதும். படம் சொன்னதை எழுத்து திருப்பிச் சொல்லத் தேவையில்லை. கதை சொல்லும் நடை எல்லோருக்கும் விளங்கும் எளிய தமிழாக இருக்கட்டும். பேசும் இடத்தில் நம் ஊர்ப் பேச்சு வரட்டும். அம்மம்மா பேத்தியை 'மனே' என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவாள்? 'ஒள்ளுப்பம் பொறு கா' என்று ஒரு நண்டு சொன்னால் செட்டிபாளையத்துப் பிள்ளை சிரிக்கும். பேச்சுமொழியை அச்சில் கண்டால் பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் வீட்டுக் குரலைப் புத்தகத்தில் கேட்கும் பிள்ளை இன்னொரு புத்தகத்தையும் தேடும்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு காரியம் கட்டாயம். வெற்றுத் தாள்களை மடித்து, பக்கம் பக்கமாகப் பென்சிலில் வரைந்து, மாதிரிப் புத்தகம் ஒன்று செய்து முன்பள்ளியில் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் எழுந்து ஓடுகிறார்களோ அந்தப் பக்கம் சரியில்லை. எந்தப் பக்கத்தை மறுபடி காட்டச் சொல்கிறார்களோ அங்கேதான் உங்கள் கதை இருக்கிறது.

அச்சகமும் இலக்கமும்

தாள் மடிக்கும் முறையால் பக்கங்கள் 8இன் மடங்கில் வருவது சிக்கனம். 16, 24 அல்லது 32. நடுவில் பின் அடித்த 24 பக்கம், நல்ல அட்டை, இவ்வளவும் முதற்புத்தகத்துக்குப் போதும். சில நூறு பிரதிகள் என்றால் டிஜிற்றல் அச்சு. ஆயிரத்தைத் தொட்டால் ஓப்செற் மலிவு. ஆனால் விற்காத ஆயிரத்தைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் எழுத்தாளர்கள் நம்மிடையே பலர், ஆகவே முதலில் குறைவாக அடிப்பதே புத்தி. திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கும் என்பதால், முழுவதையும் அச்சிட முன் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்க்க வேண்டும். பல அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துரு புழங்குகிறது. யுனிகோட்டில் தட்டியதைப் பாமினிக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பெரியவர்களின் நூலில் ஒரு பிழையை வாசகர் தாண்டிப் போவார். எழுத்துக் கற்கும் பிள்ளையோ அந்தப் பிழையையே சரியென்று கற்கும். கடைசிப் பிழைதிருத்தத்தை அச்சகத்திலேயே இருந்து, சத்தமாக வாசித்து முடிக்க வேண்டும்.

கடதாசி விலையை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போனதையும், பத்திரிகைகள் சில அச்சை நிறுத்தியதையும் பார்த்தோம். அப்படியொரு நிலை வந்தால் பொட்டரின் வழி திறந்திருக்கிறது. கறுப்புக் கோட்டோவியம், சாதாரணத் தாள், முகப்பு மட்டும் வண்ணம். திறமான கோடு மலிவான தாளிலும் நிற்கும்.

சர்வதேசத் தராதர நூல் இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கை நூல்களின் அந்தப் 13 இலக்கங்களில் 978ஐ அடுத்து 955 அல்லது 624 வரும். அந்த இலக்கம் இல்லாத நூல் நூலகப் பட்டியலிலும் பெரிய புத்தகசாலையிலும் தடுமாறும். அச்சகத்தார் அரசுக்குப் பிரதிகள் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1885இலிருந்தே இருக்கிறது. அதைச் சுமையாக நினைக்காதீர்கள். யுத்தமும் 2004 ஆழிப்பேரலையும் வீட்டு அலுமாரிகளோடு எத்தனை நூல்களைக் கொண்டுபோயின என்று தெரிந்த பிரதேசம் இது. ஒரு பிரதி அரச சுவடிகள் கூடத்தில் இருக்கட்டும். 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' திட்டத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

வெளியீட்டு விழாவில் பிள்ளைகள் எங்கே?

நம் வெளியீட்டு விழாக்களை நான் மதிக்கிறேன். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஊரார் வரிசையில் வந்து உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்குவதால்தான் அச்சகக் கடன் தீர்கிறது. உறையில் விலைக்கு மேலே வைப்பவர்கள் அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்துக்கும் சேர்த்தே வைக்கிறார்கள். ஆனால் சிறுவர் நூல் வெளியீட்டில் ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று மூன்று மணித்தியாலம் பெரியவர்களே பேசி முடிக்கும்போது, யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளைகள் வெளியே மணலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். புத்தகத்தின் முதல் பக்கங்களும் அப்படித்தான். 24 பக்கத்தில் ஆறு பக்கம் அணிந்துரையும் படங்களும். அந்த ஆறு பக்கமும் நாரைக்கும் நண்டுக்கும் உரியவை. வாழ்த்துக்களைப் பின்னட்டையில் நான்கு வரிக்குள் அடக்கலாம். விழாவில் உரைகளைக் குறைத்து, ஒரு பிள்ளையை எழுப்பிக் கதையை வாசிக்கச் சொல்லலாம், ஓவியரைப் பலகையில் நேரடியாக வரையச் சொல்லலாம்.

விழா முடிந்தபின்தான் புத்தகத்தின் வேலை தொடங்குகிறது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் பாடசாலைகளும் நூலகங்களும் புதிய நூல்களைத் தேடும், ஆகவே செப்டம்பருக்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். பாதையேறி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் புதிய நூல்கள் மெதுவாகத்தான் போய்ச் சேருகின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எழுவான்கரைக் குடும்பங்கள் பேரப்பிள்ளைக்கு எங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று காட்ட இப்படியொரு புத்தகத்தைத்தான் தேடுகின்றன.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஊரில் யாராவது ஒரு ரீச்சரோ மீனவரோ மாணவியோ இப்படியொரு மிருகப் புத்தகத்தோடு வந்தால் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றை வீட்டுப் பிள்ளைக்கு இன்றிரவே வாசித்துக் காட்டுங்கள். மற்றதில் பிள்ளையின் பெயரை எழுதி, அருகிலுள்ள முன்பள்ளிக்குக் கொடுங்கள்.